கண்முன் அரைத்த பொடி: மும்பைத் தமிழ்க் கடைத்தெருவில் நம்பிக்கை விளைந்த விதம்

காபிப் பொடி வாங்குகிறவருக்குத் தான் வாங்குவது என்னவென்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அரைத்துவிட்டால் அரேபிகா எது, ரோபஸ்டா எது, சிக்கரி எவ்வளவு என்பதெல்லாம் ஒரே பழுப்பு நிறத்துக்குள் மறைந்துவிடும். சிக்கரி காபிக்கொட்டையைவிட மலிவு. டிகாக்ஷனுக்குக் கறுப்பும் அடர்த்தியும் தருவது. அதைக் கொஞ்சம் கூட்டிப் போட விற்பவருக்கு எப்போதும் ஆசை இருக்கும். மும்பை மாட்டுங்காவில் தலைமுறை தாண்டி நடக்கும் காபிப் பொடிக் கடைகள் இந்தச் சிக்கலை விளம்பரம் செய்து தீர்க்கவில்லை. கடையை நடத்தும் முறையிலேயே தீர்த்தன.

அந்தக் கடைகளில் வறுத்த கொட்டைகள் வகைவாரியாக இருக்கும்: பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா. சிக்கரி தனியாக. வருகிறவர் "பீபெரியும் பிளான்டேஷனும் பாதிப் பாதி, சிக்கரி இருபது, கால் கிலோ" என்பார். கடைக்காரர் எடைபோட்டு மிஷினில் கொட்டி, சூடு ஆறாத பொடியோடு சிக்கரியைக் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுப்பார். பழகியவர் என்றால் இத்தனை பேச்சுக்கூட வேண்டியதில்லை. "வழக்கமானதுதானே மாமி?" என்று கேட்பதோடு முடிந்துவிடும். விகிதத்தை முடிவு செய்கிறவர் வாங்குபவர். அது அப்படியே நடக்கிறதா என்று நின்று பார்க்கிறவரும் அவர்தான். அரைத்த காபி சில நாளில் மணம் இழந்துவிடும் என்பதால், மொத்தமாக வாங்கிப் போக வேண்டாம் என்று கடைக்காரரே சொல்வதும் உண்டு. அன்றைக்கு வியாபாரம் குறைகிறது. ஆனால் அந்த மாமி அடுத்த வாரமும் வருவார்.

பொருளியலில் இதற்கு ஒரு புகழ்பெற்ற எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. அது வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் இந்தியாவில் தங்கியிருந்தார். கட்டுரையில் இந்திய உதாரணங்கள் பல வருகின்றன. அவற்றில் ஒன்று அரிசி. அரிசியைப் போன்ற நிறத்திலும் வடிவத்திலும் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கற்களை உள்ளூர்ச் சந்தை அரிசியிலிருந்து இல்லத்தரசி பொறுக்க வேண்டியிருப்பதை அவர் குறிப்பிடுகிறார். சரக்கின் தரம் விற்பவருக்கு மட்டுமே தெரியும் என்றால், நல்ல சரக்கு விற்பவருக்கு நியாயமான விலை கிடைக்காது; அவர் சந்தையை விட்டே விலகிப் போவார்; மோசமான சரக்கு மிஞ்சும். இந்தச் சிந்தனைக்காக 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நேர்மையின்மையால் வரும் இழப்பு ஏமாந்தவரின் பணத்தோடு நிற்பதில்லை, நேர்மையான வியாபாரியையும் அது ஒழித்துவிடுகிறது என்பது அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் பாதித்த இடம். காபிப் பொடிக்கு அது அப்படியே பொருந்துகிறது.

சட்டமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. காபி–சிக்கரிக் கலவையில் காபி எடையில் 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இரண்டின் விகிதமும் உறையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பொடியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தூவிப் பாருங்கள், காபி மிதக்கும், சிக்கரி நிறக்கோடு இழுத்தபடி அடியில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டுச் சோதனை ஒன்றைச் சொல்லித் தருகிறது. ஆனால் கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாக இருக்கும் பொடியும் சட்டப்படி சரியான பொடிதான். உறையில் பெரிதாக நுரை ததும்பும் டபராவும் சிறிதாக விகிதமுமாக அது கடைக்கு வரலாம். கண்முன் அரைக்கும் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. வசதியைத் தானாகவே விட்டுக்கொடுத்ததுதான் அவருடைய வியாபார மூலதனம்.

மாட்டுங்காவில் இது ஏன் நிலைத்தது என்பதற்கு ஊரின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசலைக் குறைக்க 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவாயிற்று. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளைத் திட்டமிட்டுக் கட்டியது அந்த டிரஸ்ட். அங்கே வீடு பிடித்தவர்களில் தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் கணக்காளர்களும் நிறைய. 1923இல் ஆஸ்திக சமாஜம் தொடங்கியது, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது. கோயிலிலும் பள்ளியிலும் சந்தையிலும் அதே முகங்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் கலப்படம் செய்த கடைக்காரர் ஓர் ஆளை மட்டும் இழந்து தப்பிவிட முடியாது. ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் காட்டியபடி, காபி அந்தக் காலத் தமிழ் நடுத்தர வர்க்கத்துக்குப் பானம் மட்டுமல்ல, தகுதியின் அடையாளம். விருந்தாளிக்குக் கொடுத்த காபி சரியில்லை என்றால் வீட்டின் மானம் போயிற்று. மானத்தோடு சம்பந்தப்பட்ட சரக்கில் கடைக்காரரும் கவனமாகத்தான் இருக்க வேண்டியிருந்தது.

இதே நகரத்தில், ஏறக்குறைய அதே காலத்தில், காபியை விற்க வேறொரு பெரிய முயற்சியும் நடந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் காபியின் விலை சரிந்து தோட்டக்காரர்கள் தவித்தபோது, உள்நாட்டில் குடிப்பவர்களைப் பெருக்குவதற்காகக் காபி வரிக் குழு அமைக்கப்பட்டது. அது 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காபி ஹவுஸைத் திறந்தது. இன்றைக்கு அரட்டைக்கும் அரசியலுக்கும் பெயர்போன அந்த இடம் பிறந்தது சந்தைப்படுத்தும் திட்டமாகத்தான். காபி நல்லது என்று சுவரொட்டி ஒட்டுவதைவிட, நன்றாகப் போட்ட ஒரு கோப்பையை நியாய விலைக்குக் கையில் கொடுப்பது மேல் என்று அந்தக் குழு நினைத்தது. வாங்குபவர் தானே சோதித்துப் பார்த்து முடிவு செய்யட்டும் என்கிற அளவில் சர்ச்கேட்டும் மாட்டுங்காவும் ஒரே பாதையில்தான் சென்றன.

மாட்டுங்காவின் சாப்பாட்டுக் கடைகளில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். 1937இல் வி.எஸ். மணி ஐயர் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோம், 1939இல் வந்த ராம் ஆஷ்ரயா, 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ஏ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங் எல்லாம் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பிறந்தவை. தனியாக வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த இளைஞர்களுக்கு வேண்டியது ருசி மட்டுமல்ல. தினமும் சாப்பிட்டாலும் வயிற்றைக் கெடுக்காத, யார் சமைத்தார்கள் எப்படிச் சமைத்தார்கள் என்ற கவலை தராத சாப்பாடு வேண்டியிருந்தது. ஆசாரம் பார்க்கும் குடும்பங்கள் வெளியே சாப்பிடத் தயங்கிய காலம் அது; அந்தத் தயக்கத்தின் பெரும்பகுதி சாதி. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ராம நாயக் கடையில் வாடிக்கையாளர் சமையலறைக்குள் வந்து பார்க்கலாம் என்ற வழக்கம் ஏற்பட்டது. சாதிக் கவலையோடு வந்தவருக்கும் சுத்தம் பற்றிய கவலையோடு வந்தவருக்கும் திறந்த கதவு ஒன்றுதான். முதல் கவலை காலப்போக்கில் தளர்ந்தது. ஆனால் கதவு மூடப்படவில்லை.

வாடிக்கையாளர்களும் மாறினார்கள். 1966இல் சிவசேனா தோன்றியபின் தென்னிந்தியர்களுக்கு எதிரான கிளர்ச்சியில் உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. வந்தேறிகளின் கடை என்று கல்லெறியப்பட்ட கடைகளில் இன்று மராத்தியக் குடும்பங்களும் ரூயா, வி.ஜே.டி.ஐ. கல்லூரி மாணவர்களும் குஜராத்திகளும் வரிசையில் நிற்கிறார்கள். தமிழர்களில் பலர் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் போய்விட்டார்கள். மாட்டுங்காவில் குஜராத்தி, ஜைனக் குடும்பங்கள் பெருகின. வெங்காயமும் பூண்டும் இல்லாத ஜெயின் சாம்பார் வந்தது அப்படித்தான். இதைச் சரக்கின் தனித்தன்மை கெட்டுவிட்டதாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் எதைச் சாப்பிட மாட்டார் என்று தெரிந்து, கேட்காமலே அதை விலக்கி வைப்பது மரியாதை. ராம் ஆஷ்ரயாவின் வாசலில் அன்றன்றைய பலகாரத்தைப் பலகையில் எழுதி வைப்பதும் அதே வகைதான். எது இன்று உண்டு, எது இல்லை என்பதை உள்ளே வந்து உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறது அந்தப் பலகை.

இனி தாராவி. இங்கே கதை கடினமாகிறது.

மும்பையின் காலை இட்லியில் கணிசமான பங்கு தாராவியிலும் அதை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் வெந்து வருகிறது. பொழுது விடிவதற்கு முன்பே தமிழ்க் குடும்பங்கள் துணி விரித்த தட்டுகளில் மாவை ஊற்றி ஆவியில் வேகவைத்து, அலுமினியப் பாத்திரங்களில் அடுக்கி, சட்னியும் சாம்பாரும் சேர்த்து அனுப்புகின்றன. சைக்கிளின் பின்னால் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனைப் பூம் பூம் என்று அமுக்கியபடி போகிறவரை நகரம் 'அண்ணா' என்று கூப்பிடுகிறது. எந்தச் சந்தில் எந்த நேரத்தில் ஹாரன் கேட்க வேண்டும், எந்த மாடியில் காரச் சட்னி வேண்டாம் என்பார்கள், எந்த வீட்டில் சனிக்கிழமை வாங்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாடிக்கையாளரை அறிவதில் மாட்டுங்கா கடைக்காரருக்கு அவர் ஒரு துளியும் குறைந்தவரில்லை.

குறைவது எதிர்த்திசையில். வாங்குபவருக்கு அவரைப் பற்றி முகத்தைத் தவிர எதுவும் தெரியாது. இட்லி வெந்த வீட்டை அவர்கள் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. 2019இல் போரிவலி ரயில் நிலையத்தருகே இட்லி விற்பவர் ஒருவர் கழிப்பறைத் தண்ணீரைச் சட்னியில் சேர்ப்பதாகச் சொல்லும் காணொளி பரவியபோது இது வெளிச்சமானது. மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் விசாரணையில் இறங்கியது. சந்தேகமோ அந்த ஒருவரோடு நிற்காமல், ஹாரன் அடிக்கிற எல்லா அண்ணாக்கள் மீதும் விழுந்தது. கடைக்குப் பெயர்ப்பலகை இருந்திருந்தால் தப்பு செய்ததாகச் சொல்லப்படுபவரும் செய்யாதவரும் வேறு வேறு என்று பிரித்துப் பார்த்திருப்பார்கள். பெயர் இல்லாத தொழிலில் பழி பொதுச்சொத்தாகிவிடுகிறது. விடிகாலையில் எழுந்து சுத்தமாக வேலை செய்கிற ஒரு குடும்பம் தன் சுத்தத்துக்கு எந்தப் பலனும் பெற முடியாமல் போவது அக்கர்லாஃப் விவரித்த அதே அநீதிதான்.

தாராவித் தோல் வேலைக்காரர்கள் இதே இக்கட்டிலிருந்து பாதி வெளியே வந்திருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் கட்டியெழுப்பிய தொழில் அது. பதனிடும் பட்டறைகள் பெரும்பாலும் இடம்பெயர்ந்துவிட்டன. பையும் பெல்ட்டும் பர்ஸும் தைக்கும் வேலை மிஞ்சியது. வேறு யாரோ பெயர் போட்டு விற்கும் பொருளைப் பெயரில்லாமல் செய்து கொடுப்பதே பல பட்டறைகளின் பிழைப்பு. 2015இல் காளை, எருது வெட்டுவதற்கும் மகாராஷ்டிரம் தடை விதித்தபின் தோல் வரத்து சுருங்கியது, செயற்கைத் தோலான ரெக்சின் பெருகியது. அசல் எது என்ற கேள்வி அப்போது இன்னும் கூர்மையானது. அங்குள்ள கடைகளில் லைட்டரைப் பற்றவைத்துப் பொருளின் ஓரத்தில் காட்டுவதைப் பார்க்கலாம். ரெக்சின் உருகிச் சுருங்கும். தோல் உருகாது, கருகினால் முடி தீயும் வாசம் வரும். சாயமும் மேற்பூச்சும் சேர்ந்த தோலில் இந்தச் சோதனை முழுத் தீர்ப்பு ஆகாது. ஆனாலும் விற்கிறவர் தன் சரக்கைத் தானே நெருப்பில் காட்டத் துணிவது வாங்குபவரிடம் ஏதோ சொல்கிறது. 2017க்குப் பின் சுதீர் ராஜ்பர் தொடங்கிய சமார் ஸ்டுடியோ இன்னொரு வழியைப் பிடித்தது: இழிசொல்லாக வீசப்பட்ட சாதிப் பெயரையே முத்திரையாக்கி, மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்வித்து, செய்கிறவர்கள் யாரென்பதை முன்னால் வைத்தது.

நம்பிக்கை எப்போதும் நல்லதுதானா என்ற கேள்வியையும் இங்கே கேட்டாக வேண்டும். மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்த மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1978இல் எழுதியதன் சாரம் இது: தகவல் அரிதாகவும் சீரற்றும் கிடைக்கும் சந்தையில் மக்கள் தினமும் புது ஆளைத் தேடி அலைவதைவிட, ஒருவரோடு ஒருவர் வாடிக்கையாகப் பிணைந்துகொள்கிறார்கள். தேடும் செலவு மிச்சம். தாராவி மளிகைக் கடையின் கணக்கு நோட்டு அப்படிப்பட்ட பிணைப்பு. வாரக்கூலி வாங்குகிறவருக்குப் புதன்கிழமை எண்ணெய் தீர்ந்தால் நோட்டில் எழுதிவிட்டுத் தருகிற கடை உயிர்நாடி. அதே நோட்டு, பக்கத்துக் கடையில் பருப்பு இரண்டு ரூபாய் குறைவு என்று தெரிந்தும் போக முடியாமல் ஆளைக் கட்டிப்போடவும் செய்யும். பாக்கி இருக்கும் இடத்தில் எடை குறைந்ததைக் கேட்க நா எழாது. ஒரே கணக்கை வாங்குபவரும் தன் சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தால் நிலைமை வேறு. இருவர் கையிலும் இருக்கும் கணக்கு நம்பிக்கை. ஒருவர் கையில் மட்டும் இருக்கும் கணக்கு அதிகாரம். வாடிக்கையாளரைப் புரிந்துகொள்வது என்று பேசுகிற எல்லாரிடமும் நான் கேட்க விரும்புவது அதைத்தான். அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டது அவருக்குத் தெரியுமா? உங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

செம்பூரில் இந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதில் இருக்கிறது. செட்டா நகர் முருகன் கோயிலைச் சுற்றியும் ஸ்டேஷன் பக்கத்திலும் வீட்டுச் சமையலறையிலிருந்து பருப்புப்பொடி, வடாம், தீபாவளி முறுக்கு விற்கும் பெண்கள் பலர். விற்பவர் அதே ஹவுசிங் சொசைட்டியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். முறுக்கு காறினால் மறுநாள் லிஃப்டில் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். உத்தரவாதச் சீட்டு எதுவும் அதற்கு ஈடாகாது. ஆனால் அந்த நம்பிக்கை சொசைட்டியின் கேட்டைத் தாண்டினால் செல்லாது.

கைபேசிச் செயலிகளில் மளிகை வாங்குகிற இன்றைய மும்பைக்காரரின் நிலையைப் பாருங்கள். எத்தனை மணிக்குப் பால் தேடுகிறார், எந்த விலையில் தயங்குகிறார் என்பதெல்லாம் விற்பவரிடம் பதிவாகிறது. அந்த அறிவு அவருக்காகப் பயன்படலாம். அவருக்கு எதிராகவும் பயன்படலாம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டு 13 வகைகளைப் பட்டியலிட்டது. இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசிக் கட்டத்தில் கட்டணத்தை ஏற்றுவது எல்லாம் அதில் உண்டு. இவை எல்லாமே வாடிக்கையாளரை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் செய்தவை. அவருடைய அவசரம், சோம்பல், கூச்சம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இப்படி வடிவமைக்க முடியாது.

பெரிய அளவில் நேர்மையாகச் செய்யவே முடியாது என்றும் சொல்லிவிடக் கூடாது. 2005இல் பெங்களூருவில் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் இட்லி மாவு விற்கத் தொடங்கிய ஐடி ஃபிரெஷ், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆளில்லாத குளிர்பெட்டிகளை வைத்தது. எடுத்துக்கொள்கிறவர் தானே பணத்தைப் போட வேண்டும். முதலில் நம்ப வேண்டியவர் விற்பவர் என்று அந்தப் பெட்டி முடிவு செய்தது. 2021இல் அதன் மாவைப் பற்றி மதவெறுப்பு வதந்தி பரவியபோது அந்த நிறுவனம் போலீசில் புகார் கொடுத்ததோடு, தன் தொழிற்கூடத்தை மக்கள் பார்க்கும்படி இணையத்தில் நேரலையாகத் திறந்தும் வைத்தது. ராம நாயக்கின் சமையலறைக் கதவுதான் கேமராவாக வந்திருக்கிறது.

தாராவி இட்லிக் குடும்பத்திடம் கேமராவும் இல்லை, காட்டுவதற்கு ஏற்ற இடமும் இல்லை. சிறு உணவு வியாபாரிகள் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ள 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள் வழி வைத்தன. தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் பதிவுக்கு வேண்டிய முகவரி பலருக்கு நிலையில்லாதது. 2022இல் தாராவியின் மறுசீரமைப்பு ஒப்பந்தத்தை அதானி குழுமம் வென்று, 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியபின் அது இன்னும் நிலையற்றதாகிவிட்டது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச இடம். மற்றவர்கள் வேறு பகுதிகளுக்குப் போக வேண்டியிருக்கும். விடியும் முன் வெந்த இட்லி ஏழு மணிக்குள் சூடாகச் சந்துகளை அடைய வேண்டும் என்றால் சைக்கிள் போகிற தூரத்துக்குள் அடுப்பு இருக்க வேண்டும். முலுண்டிலிருந்து மாஹிமுக்கு அந்தச் சூட்டோடு வர முடியாது.

கணக்கெடுப்பில் அடுப்பையும் ஒரு தொழிலிடமாகப் பதிந்து, நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவாகத் தண்ணீர்க் குழாயும் அரவை மிஷினும் உள்ள சமையல் கூடத்தைத் தாராவிக்குள்ளேயே தர முடியும். அந்தக் கூடத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் சைக்கிள் பாத்திரத்தில் பெயிண்டில் எழுதிவிடலாம்; வேண்டுமானால் ஒருநாள் வந்து பாருங்கள் என்று முகவரியையும் கீழே சேர்த்துக்கொள்ளலாம். வாங்குபவர்களில் பெரும்பாலோர் வரப்போவதில்லை. வர முடியும் என்ற உரிமை அவர்களுக்கும், வாருங்கள் என்று அழைக்கும் தைரியம் இட்லிக்காரருக்கும் கிடைக்க, மாநகராட்சிக்கும் மறுசீரமைப்பு ஆணையத்துக்கும் ஆகிற செலவு அவர்கள் கட்டப்போகும் கோபுரங்களில் ஒரு தளத்தின் செலவுக்குக்கூட வராது.